கிணற்றுக்கு எல்லை எது?

பூமியைத் துளைத்து எரிவாயு எடுக்கும் திட்டங்களைப் பற்றிக் கடந்த பதினைந்து ஆண்டுகளாகத் தமிழில் வெளிவந்துள்ள துண்டுப் பிரசுரங்கள், சிறுநூல்கள், மேடைப் பேச்சுகள் ஆகியவற்றை ஒருசேர வைத்துப் படிப்பவர் முதலில் காண்பது ஒரு சொற்குழப்பமே. ஒரு பிரசுரம் அதனை மீத்தேன் என்கிறது. மற்றொன்று ஹைட்ரோகார்பன் என்கிறது. வேறொன்று ஷேல் வாயு என்றும் பாறை எரிவாயு என்றும் ஒரே பக்கத்தில் இருவகையாக எழுதுகிறது. பெயரே தெரியாதவர்கள் எதிர்க்கிறார்கள் என்று மறுதரப்பார் ஏளனம் செய்வதற்கு இது வாய்ப்பாகிவிட்டது. எழுத்தை ஆராய்வது இவ்விதழின் வேலையாதலால், இந்த எழுத்துகளையும் ஆராய்ந்து பார்ப்பது பொருத்தமே. குழப்பம் எங்கே பிறந்தது என்பதையும், நமது கிதாபுகளில் இதற்கு ஏதேனும் தெளிவு உண்டா என்பதையும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

குலசேகரன்பட்டினத்தில் இருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நம்மூரில் எரிவாயுக் கிணறு ஒன்றும் இல்லை என்பது உண்மையே. ஆனால் நிலவியலார் காவிரிப் படுகை என்று குறிப்பிடும் படிவு தஞ்சை மாவட்டத்தோடு முடிந்துவிடுவதன்று. அது இராமநாதபுரம் கரையைத் தாண்டி, நம் கண்ணெதிரே விரிந்து கிடக்கும் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்குகிறது. இதே வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் 2011ஆம் ஆண்டிலேயே கெய்ர்ன் நிறுவனம் துளையிட்டு எரிவாயு கண்டது. இராமநாதபுரம் பகுதியில் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்டுவதற்கு 2025 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டதும், ஆகஸ்டில் அது வெளியே தெரிந்து எதிர்ப்பு எழுந்ததும், அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே கூறியதும் அண்மைச் செய்திகள். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் தொகுதிகள் ஒதுக்கப்பட்டதை எதிர்த்து அதே ஆண்டில் மீனவர்கள் குரல் எழுப்பினார்கள். வடக்கே இராமநாதபுரம், தெற்கே கன்னியாகுமரி. நடுவில் இருப்பவர்கள் நாம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொண்டு பிறகு பெயருக்கு வருவோம். பழமையான களிமண், கடற்சேறு ஆகியவை கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்தி, ஏடு ஏடாகப் பிளவுபடும் ஒருவகைப் பாறையாகின்றன. இதுவே ஷேல். அச்சேற்றில் சிக்கிய உயிர்ப்பொருள்கள் வெந்து எரிவாயுவாகவும் எண்ணெயாகவும் மாறுகின்றன. அவற்றுள் ஒரு பகுதி காலப்போக்கில் மேல்நோக்கிக் கசிந்து, துளைகள் நிறைந்த மணற்பாறையில் வந்து தேங்குகிறது. நரிமணம், கமலாபுரம், குத்தாலம், கதிராமங்கலம் முதலிய ஊர்களில் பல்லாண்டுகளாக எடுக்கப்பட்டுவருவது இவ்வாறு தேங்கிய பொருள். கசியாமல் தாய்ப்பாறையிலேயே தங்கிவிட்டதுதான் ஷேல் வாயு. நிலக்கரிப் படுகையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீத்தேன் மூன்றாவது வகை. மன்னார்குடித் திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது.

இம்மூன்றும் வாயு என்ற அளவில் பெரும்பாலும் ஒன்றே. எடுக்கும் முறையில்தான் வேறுபாடு. நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு முதலில் அங்குள்ள நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். அழுத்தம் குறைந்தால்தான் வாயு விடுபடும். ஷேல் வாயுவுக்கு நேர்மாறாக, மேலிருந்து நீரைப் பேரழுத்தத்துடன் உட்செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். ஒன்று விவசாயியின் நீரை உறிஞ்சி எடுக்கும். மற்றொன்று நன்னீரை வாங்கிக் கெடுத்துத் திருப்பித் தரும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், எந்தத் தீங்கைச் சொல்லி எதிர்க்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

பெயருக்கு வருவோம். அரபியில் இன்று வழங்கும் பெயர் 'அல்காஸுஸ் ஸக்ரீ'. தமிழில் 'பாறை எரிவாயு' என்பதற்கு இது நிகரானது. இரண்டு மொழியிலும் குறை ஒன்றே. ஸக்ர் என்றாலும் பாறை என்றாலும் எல்லாப் பாறையையும் குறிக்குமேயன்றி, ஏடேடான களிப்பாறை என்னும் தனிப்பொருளைத் தாரா. அரபு நிலவியலார் சிலர் 'ஸிஜ்ஜீல்' என்னும் சொல்லை ஷேலுக்கு வழங்குகின்றனர். ஃபீல் சூராவை ஓதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த சொல்; சுட்ட களிமண் கல் என்பது விரிவுரையாளர்கள் அதற்குத் தந்த பொருள். களிமண்ணும் கல்லும் ஒருங்கே அமைந்த அச்சொல் பொருளுக்கு அருகில் வருகிறது. தமிழில் 'களிப்பாறை வாயு' என்று எழுதுவோமானால் அதே நெருக்கம் கிடைக்கும்.

பாறையைப் பிளக்கும் முறைக்கு அரபியர் 'தக்ஸீர்' என்கின்றனர். உடைத்தல் என்பது பொருள். நம் மாணவர்கள் இலக்கணத்தில் 'ஜம்உத் தக்ஸீர்' படிக்கும்போது கேட்ட சொல்தான். ஒருமையின் வடிவம் உடைந்து பன்மையாவதை அப்படிச் சொல்வர். ஒளிவு மறைவற்ற சொல் அது. துறைசார்ந்த அறிக்கைகளோ இதனைக் கிணற்றைத் 'தூண்டுதல்' என்கின்றன. விளக்கைத் தூண்டுவார்கள், மந்தமான மாணவனைத் தூண்டுவார்கள். பூமிக்கடியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் மேலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் திரும்பிச் சென்று, குழாயில் துளையிட்டு, ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி முதல் இரண்டு கோடி லிட்டரும் அதற்கு மேலும் நீரை மணலோடும் இரசாயனங்களோடும் சேர்த்து அடித்துப் பாறையைச் சிதறச் செய்வதைத் தூண்டுதல் என்பது, சொல்லின் மீது செய்யப்படும் அநீதி.

இன்னொரு வழக்கம், விழுக்காட்டில் பேசுவது. உட்செலுத்தும் கலவையில் இரசாயனம் ஒரு விழுக்காடோ அரை விழுக்காடோதான், மீதியெல்லாம் நீரும் மணலும் என்கிறார்கள். கணக்கு சரிதான். ஒன்றரைக் கோடி லிட்டரில் அரை விழுக்காடு என்பது 75,000 லிட்டர். ஒரு விழுக்காடானால் 1,50,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி பத்துப் பன்னிரண்டு நிறைய வந்து நிற்பதை மனக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் திரும்பி மேலே வருகிற நீர் சென்ற நீராக இருப்பதில்லை. ஆழத்திலுள்ள உப்பையும், பேரியம், ரேடியம் போன்றவற்றையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அதனை எங்கே கொட்டுவது என்பதே உலகமெங்கும் தீராத வினா. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இத்துறையின் கழிவு நீரை ஆழ்துளைகளில் மீண்டும் இறக்கியதன் விளைவாக நிலநடுக்கங்கள் பெருகின. 2016 செப்டம்பரில் பானி என்னும் ஊரருகே 5.8 அளவில் நிலம் அதிர்ந்தது.

உடல்நலம் பற்றிய செய்திகளிலும் நிதானம் வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வுகள் 2023இல் வெளிவந்தன. இத்தகைய கிணறுகளிலிருந்து ஒரு மைலுக்குள் வாழ்ந்த பிள்ளைகளுக்கு நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு 5 முதல் 7 மடங்கு மிகுதி என்றும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நோய் முற்றும் நிலை மிகுதி என்றும் அவை கூறின. பிள்ளைகளின் இரத்தப் புற்றுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதையும் அதே ஆய்வாளர்கள் கூறினார்கள். நம் பிரசுரங்கள் முதற்பாதியை எடுத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிடும். அறிவிப்பாளர் சங்கிலியில் ஒருவரை மறைப்பதை நம் முன்னோர் 'தத்லீஸ்' என்று பெயரிட்டுக் கண்டித்தார்கள். செய்தியில் பாதியை மறைப்பதும் அதற்குத் தூரத்து உறவுதான்.

நியூயார்க் மாநிலத்தின் முடிவு கவனிக்கத்தக்கது. 2014 டிசம்பரில் அம்மாநிலச் சுகாதாரத் துறை ஆணையர் ஹவர்டு ஸக்கர், கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்தாய்ந்து, பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றார். தம் குடும்பத்தை அத்தகைய ஊரில் குடிவைக்கச் சம்மதிப்பாரா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, இல்லை என்று விடை கூறினார். அம்மாநிலம் இம்முறைக்குத் தடை விதித்தது. பிரான்ஸ் 2011இலேயே சட்டமியற்றித் தடுத்துவிட்டது. தீங்கு உண்டென்று மெய்ப்பிப்பது குடியானவரின் வேலையன்று, தீங்கில்லை என்று மெய்ப்பிப்பது தோண்டுபவரின் வேலை என்னும் நிலைப்பாடு இது. வழக்கு மன்றத்தில் சான்று கொண்டுவரும் கடமை யாருடையது என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இப்போது, பெயர்களைக் கலந்தது யார் என்னும் வினாவுக்கு வருவோம். மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க, கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துடன் 2011 ஜனவரியில் தமிழக அரசு உடன்பாடு செய்தது. எதிர்ப்பு வளர்ந்து, 2013இல் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பரப்புரையிலேயே இருந்த நம்மாழ்வார் அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலமானார். அதுவரை 'மீத்தேன்' என்ற பெயர் சரியான பெயர்தான். அதே 2013 அக்டோபரில் மத்திய அரசு ஷேல் வாயுவுக்குத் தனிக் கொள்கை அறிவித்தது, ஓ.என்.ஜி.சி.க்குத் தரப்பட்ட 50 தொகுதிகளில் 9 காவிரிப் படுகையில் இருந்தன. இதுவும் தனிப்பெயர், தனிக் கொள்கை. ஆனால் 2016இல் வந்த புதிய உரிமக் கொள்கை எல்லாவற்றையும் ஒரே உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு யாவும் 'ஹைட்ரோகார்பன்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. பழைய ஒப்பந்தப் பரப்புகளிலும் இவற்றையெல்லாம் தேடலாம் என்று 2018இல் வழி திறக்கப்பட்டது.

2017 பிப்ரவரியில் நெடுவாசல் மக்கள் திரண்டபோது, அங்கு எடுக்கப்படுவது மீத்தேன் அன்று, ஹைட்ரோகார்பன் என்று அதிகாரத் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது நினைவிருக்கலாம். வலையில் கிடப்பது சாளை அன்று, மீன் என்று நம் கடற்கரையில் ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்! பெயர்களைப் பிரித்து வைத்திருந்த பெட்டிகளை ஒன்றாகக் கொட்டியது உரிமத்தை எழுதியவர்கள். பிறகு, எது எந்தப் பெட்டிக்குரியது என்று தெரியவில்லையே என்று குடியானவரைப் பார்த்துச் சிரித்தால் அந்தச் சிரிப்பில் நீதி இல்லை.

'ஆய்வு' என்னும் சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழில் மதிப்புக்குரிய சொல் அது. ஓலைச்சுவடியை ஆய்வது, அரபுத்தமிழ் ஏடுகளை ஆய்வது எல்லாம் ஆய்வே. அவற்றால் யாருடைய கிணறும் உப்பாவதில்லை. 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் விதிகளில் செய்த திருத்தத்தின்படி, எண்ணெய் எரிவாயு 'ஆய்வு' என்றால் அது கீழ்வகுப்பில் சேர்ந்துவிடும். பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஆய்வுக் கிணறும் பல ஆயிரம் அடி இறங்கும் மெய்யான கிணறுதான். அதற்கும் இரும்புக் குழாய், சிமென்டு, சேற்றுக் கழிவு எல்லாம் உண்டு. இராமநாதபுரத்து அனுமதி ஐந்து மாதம் யாருக்கும் தெரியாமல் இருக்க முடிந்ததன் காரணம் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

நமது தரப்பு எழுத்துகளின் குறையையும் மறைக்கலாகாது. பிரசுரங்களில் வரும் படங்கள், உடைந்த பாறையின் விரிசல் நேராக மேலேறிக் குடிநீர் ஊற்றைத் தொடுவதுபோல் காட்டுகின்றன. இரண்டு கிலோமீட்டர் ஆழத்து விரிசல் அவ்வளவு தூரம் ஏறுவது அரிது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2016 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, குடிநீர் கெடும் வழிகளாகச் சுட்டியவை வேறு: தண்ணீர் குறைந்த இடத்தில் பெருமளவு நீரை எடுப்பது, மேற்பரப்பில் இரசாயனம் சிந்துவது, குழாயும் சிமென்டும் பழுதாகி நடுவழியில் வாயுவும் நீரும் கசிவது, கழிவைக் குழிகளில் விடுவது. இவையே போதுமான தீங்குகள். படத்தில் இல்லாததைச் சேர்க்க வேண்டிய அவசியம் என்ன?

நம்மவர் எழுதும் பிரசுரங்களில் மற்றொரு வழக்கம் உண்டு. நீர், புல், நெருப்பு மூன்றும் மக்களுக்குப் பொதுவானவை என்னும் கருத்தமைந்த நபிமொழியை முகப்பில் இட்டு, அத்துடன் வாதம் முடிந்ததாகக் கொள்வர். சற்றே நிதானித்தால், எரிவாயுவும் நெருப்பின் இனமல்லவா, பொதுப்பொருளாகிய அதனை நாட்டுக்காக எடுக்கிறோம் என்று மறுதரப்பாரும் அதையே முகப்பில் இடலாம் என்பது புலப்படும். நபிமொழியைச் சட்டமாக்கிய இமாம்கள் அதோடு நின்றுவிடவில்லை. பொதுவான பொருளை ஒருவர் எடுக்கும்போது மற்றவருக்குரிய எல்லை எது என்றே அவர்கள் பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். நாம் தேட வேண்டிய இடம் அது.

'இஹ்யாவுல் மவாத்', அதாவது தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் என்னும் பாடத்தை மத்ரஸாக்களில் எவ்வளவு அவசரமாகக் கடந்துபோகிறோம்! வணக்க வழிபாடுகளுக்கும் நிக்காஹ் தலாக்கிற்கும் ஆண்டு முழுவதும் செலவிட்டுவிட்டு, தேர்வு நெருங்கும்போது இப்பாடத்தை வாசித்து முடிப்பதே பல இடங்களில் வழக்கம். பாலைவனத்து அரபிகளுக்குரிய பாடம், நமக்கு எதற்கு என்னும் நினைப்பு. அங்கேதான் 'ஹரீம்' என்னும் சொல் வருகிறது. ஹராம், இஹ்ராம், ஹரம் ஷரீஃப் ஆகியவற்றின் வேரில் பிறந்த சொல் இது. ஒருவர் கிணறு தோண்டினால், அதைச் சுற்றி மற்றவர் தோண்டக்கூடாத ஒரு வட்டாரம் அக்கிணற்றுக்கு உரியதாகிவிடுகிறது. அதுவே கிணற்றின் ஹரீம்.

அதன் அளவு என்ன? ஹனஃபி அறிஞர்கள் எண்ணால் விடை கூறினார்கள். கால்நடைகளுக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு 40 முழம். ஒட்டகம் பூட்டி இறைக்கும் பாசனக் கிணற்றுக்கு 60 முழம் என்பது இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது ஆகியோரின் கூற்று. ஊற்றுக்கு 500 முழம். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் வழி வேறு. ஹிஜ்ரி 676 (கி.பி. 1277)இல் மறைந்த இமாம் நவவீ அவர்களின் மின்ஹாஜ், கனாத்துக் கிணறுகளின் ஹரீமுக்கு எண் எதுவும் கூறவில்லை. எந்த இடத்தில் தோண்டினால் அவற்றின் நீர் குறையுமோ, அல்லது இடிந்துவிழும் என்ற அச்சம் எழுமோ, அந்த இடம்வரை அவற்றின் ஹரீம். அவ்வளவுதான். கனாத்து என்பது மலையடி நீரைத் தரைக்கடியிலேயே சுரங்கவழி கொண்டுவரும் அமைப்பு. வழிநெடுக வரிசையாகக் கிணறுகள் இருக்கும்.

இந்த வேறுபாட்டில்தான் இன்றைய வாதத்தின் உயிர் இருக்கிறது. இன்றைய விதிகள் எல்லாம் எண்ணால் அளப்பவை: கிணற்று வாயிலிருந்து இத்தனை மீட்டர், வீட்டிலிருந்து இத்தனை மீட்டர் என்று. 40 முழம் என்பது ஏறத்தாழ அறுபது அடி. கையால் தோண்டிய காலத்துக்கு அது நியாயமான எண். வாய் ஓரிடத்திலும் வயிறு இரண்டு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கும் கிணற்றுக்கு, வாயிலிருந்து அளந்து என்ன பயன்? விளைவால் அளப்பதுதான் பொருந்தும். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பாடநூல், புதிய கிணற்றின் தன்மைக்கு இன்றைய விதியை விட நெருக்கமாக இருக்கிறது.

எல்லாம் நம் பக்கமே சாய்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் தமக்குச் சொந்தமான நிலத்தில் வழக்கப்படி கிணறு தோண்டி, அதனால் அண்டை வீட்டாரின் கிணற்றில் நீர் குறைந்தால், ஷாஃபிஈ மத்ஹபின்படி அவரைத் தடுப்பதற்கில்லை. வழக்கத்தை மீறினால் மட்டுமே ஈடுசெய்யும் பொறுப்பு அவரைச் சாரும். ஆகவே வழக்கம் எது என்பதே தீர்மானிக்க வேண்டியதாகிறது. களிப்பாறையை நீரால் உடைப்பது எந்த ஊரின் வழக்கம்? அதே மின்ஹாஜில் கனிமங்கள் ழாஹிர், பாதின் என்று, அதாவது வெளிப்பட்டவை, மறைந்தவை என்று இருவகையாகின்றன. உழைப்பின்றித் தானே வெளிவரும் பொருள்களுக்கு எடுத்துக்காட்டாக நஃப்து, அதாவது மண்ணெண்ணெய் இனம், அங்கே சொல்லப்படுகிறது. அது யாருக்கும் தனியுடைமையாகாது, ஆட்சியாளரும் ஒருவருக்கு எழுதிவைக்க இயலாது. இமாம் அவர்களின் காலத்தில் வெளிப்பட்டவற்றுள் வைக்கப்பட்ட பொருள், இன்று பாறையை உடைத்தாலன்றி வெளிவராத மறைபொருளாகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே தீர்ப்புக் கூற முடியாது என்பதை நம் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். மத்திய அரசின் ஒற்றை உரிமம் அதனைப் புரிந்துகொள்ளவில்லை.

கனாத்துப் பற்றிச் சொன்னேன். அதற்கும் களிப்பாறை வாயுவுக்கும் நேருக்கு நேர் மோதல் நிகழ்ந்த ஊர் ஒன்று உண்டு. அல்ஜீரிய ஸஹாராவில் ஐன் ஸாலிஹ் என்பது அதன் பெயர். ஸாலிஹின் ஊற்று என்றோ, நல்ல ஊற்று என்றோ பொருள் கொள்ளலாம். அவ்வட்டாரத்துப் பேரீச்சந் தோப்புகள் 'ஃபோகாரா' என்று அவர்கள் அழைக்கும் கனாத்துகளால் வாழ்ந்தவை. கீழே உள்ள நீர் பெரும்பாலும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையின் சேமிப்பு. அல்ஜீரியா, துனீசியா, லிபியா மூன்று நாடுகளுக்கும் பொதுவானது. 2014 டிசம்பரில், அவ்வூருக்கு அருகே முதல் ஷேல் வாயுக் கிணறு வெற்றிகரமாக முடிந்ததாக அரசு அறிவித்தது. 2015 புத்தாண்டு முதல் ஊரே சதுக்கத்தில் கூடிவிட்டது. பெண்கள் முன்னணியில் நின்றார்கள். அச்சதுக்கத்துக்கு 'ஸாஹத்துஸ் ஸுமூத்', உறுதிநிலைச் சதுக்கம் என்று பெயரிட்டார்கள். அது எண்ணெய்ப் பணத்தால் இயங்கும் நாடு. அம்மக்களின் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அப்பணத்தில் நடப்பவை. எரிவாயுவே வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை. தங்கள் நீருக்கு மேல் நின்று இந்த முறையில் எடுக்க வேண்டாமென்றார்கள். பொருளையும் முறையையும் பிரித்துப் பேசிய அந்தத் தெளிவு நம் பிரசுரங்களில் இன்னும் வரவில்லை.

இதைச் சொல்லும்போது நம் வீட்டுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். காயல், குலசை, உடன்குடி என்று எந்த ஊரை எடுத்தாலும், வளைகுடா நாடுகளின் எண்ணெய்ப் பணம் படாத வீடு குறைவு. சவூதி அரேபியாவின் கிழக்கே ஜஃபூராவில் களிப்பாறை வாயுத் திட்டம் பேரளவில் நடைபெறுகிறது. அத்தகைய இடங்களில் கொத்தனாராகவும் குமாஸ்தாவாகவும் பொறியாளராகவும் நம் பிள்ளைகள் உழைக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் கட்டிய வீட்டில் உட்கார்ந்து இதை எதிர்க்கலாமா என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நேர்மையான கேள்வி. ஆளரவமற்ற பாலையில் எடுப்பதும், இருபதடியில் நன்னீரும் அதன்கீழ் உப்புநீரும் இருக்கிற ஊரில் எடுப்பதும் ஒன்றல்ல என்பதே என் விடை. ஹரீம் என்பதன் பொருளும் அதுதானே! இடத்தை விட்டுவிட்டு முறையை மட்டும் பார்ப்பது நம் சட்டமரபுக்கு அந்நியமானது.

நம்மூர் நீரின் இயல்பைச் சொல்ல வேண்டும். மேற்கே செந்நிறத் தேரி மணல், கிழக்கே கடல். மணலில் இறங்கிய மழைநீர், கீழே ஊடுருவியிருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, உப்புநீர் கனமானது. திருச்செந்தூரில் அலைக்கு எட்டிய தூரத்தில் நாழிக்கிணறு இனிப்பதன் காரணம் இதுவே. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர்வரை அது உப்பைத் தள்ளி நிறுத்தும் என்று நீரியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். மேலே ஒரு மீட்டரை இழந்தால் கீழே நாற்பது மீட்டரை இழக்க நேரிடும். தாமிரபரணியின் பழைய அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி இப்பக்கம் வந்துசேரும் ஆற்றுநீர் எவ்வளவு என்பது கடைமடை விவசாயிக்குத் தெரியும். திருச்செந்தூர், உடன்குடி வட்டாரத்தில் எந்த வாயுக் கிணறும் இல்லாமலே உப்பு உள்ளே வந்துகொண்டிருக்கிறது. ஒரு கிணற்றுக்குக் கோடி லிட்டர் என்னும் கணக்கை இந்நிலத்தின்மேல் வைத்துப் பாருங்கள்.

2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் பாராட்ட வேண்டும். பெயர்களை ஒழுங்காக எழுதிய ஆவணம் அது ஒன்றே. எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றோடு நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு, இவை போன்ற பிற ஹைட்ரோகார்பன்கள் என்று தனித்தனியே சொல்லி, அவற்றைத் தேடுவதையும் துளையிடுவதையும் எடுப்பதையும் தடுக்கிறது. தேடுவதையும் சேர்த்ததனால், ஆய்வு என்ற சொல்லுக்குள் ஒளிய அங்கே வழியில்லை. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளை அது தொடவில்லை என்பது குறை. பெரிய குறை, அதன் எல்லை. காவிரிக் கழிமுகத்தின் மாவட்டங்களோடும் வட்டாரங்களோடும் அது நின்றுவிடுகிறது. இராமநாதபுரமும் தூத்துக்குடியும் வெளியே. கடல் முழுவதும் வெளியே. 21 தீவுகளுடன் கூடிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்கு வேறு சட்டப் பாதுகாப்பு உண்டெனினும், அதற்கப்பாலுள்ள ஆழ்கடலைப் பற்றி இச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. எண்ணால் அளந்த ஹரீமுக்குப் பதிலாக மாவட்ட வரைபடத்தால் அளந்த ஹரீம் என்று சொல்லலாம்.

இனி, செய்யக்கூடிய ஒன்று. பென்சில்வேனியாவில் டிமொக் என்னும் சிற்றூரில் 2009ஆம் ஆண்டின் முதல் நாள் ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வாயு நிறைந்து வெடித்தது. தோண்டிய கம்பெனி, அந்த நிலத்து நீரில் மீத்தேன் முன்பே இருந்தது என்று சொல்லிற்று. தோண்டுவதற்கு முன் தங்கள் நீர் எப்படி இருந்தது என்று காட்ட ஊராரிடம் போதிய பதிவு இல்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2022இல்தான் அக்கம்பெனி நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை மறுக்காமல் தண்டனையை ஏற்றது. நம் வட்டாரத்தில் எந்தக் கிணறு எந்த ஆண்டில் உவர்ப்பாயிற்று என்று கேட்டால், பெரியவர்களின் நினைவைத் தவிர வேறு சான்று உண்டா? மத்ரஸாக்களில் வரும் ஆண்டு இஹ்யாவுல் மவாத் பாடம் நடத்தும் உஸ்தாதுகள், மாணவர்களைக் கையில் நோட்டுப் புத்தகத்துடன் ஊர்க் கிணறுகளுக்கு அழைத்துச் செல்லட்டும். கிணற்றின் ஆழம், நீர்மட்டம், உப்பின் அளவு, நாள், அருகில் வாழ்பவர் சொல்லும் வரலாறு ஆகியவற்றைக் கோடையில் ஒருமுறையும் மழைக்குப்பின் ஒருமுறையும் எழுதி வைக்கட்டும். உப்பை அளக்கும் சிறு கருவி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஹவுதுக்கு நீர் தரும் பள்ளிவாசல் கிணற்றிலிருந்து தொடங்கலாம்.